அத்தாவின் கழனியில் உப்பு விட்டவர்

என் தகப்பனாரை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அவர் காமாலையில் இறந்தார் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் உறவுக்காரர்கள் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். நான் சொல்வதில்லை. அவர் சாவுக்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளை நானும் அம்மாவும் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டு அத்தாவைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

செங்கல்பட்டு கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருந்தது. அத்தா அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவர். கடையில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு வலிக்கும், கண் எரியும். கீழே இறங்கி ஏரிப்பக்கம் ஒரு நடை போய்வந்தால் எல்லாம் சரியாகிவிடும். பாகம் பிரித்தபோது, கடையில் எனக்கு ஒன்றும் வேண்டாம், கடற்கரை நிலத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். அந்த நிலம் வேறு யாருக்கும் வேண்டியதாக இல்லை. கோவளத்துக்குத் தெற்கே, மகாபலிபுரம் போகிற கடற்கரையை ஒட்டி ஒரு மணல்மேடு, அதன்மேல் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. மேட்டுக்கு மேற்கே தாழ்வாக நெல் விளைகிற கழனி. கழனிக்கு அப்பால் ஒரு மண்கரை. கரைக்கு அந்தப்பக்கம் உப்பங்கழி. கடல் பொங்கும்போது கழியும் பொங்கும். அந்தக் கரை ஒன்றுதான் எங்கள் நெல்லை உப்புத் தண்ணீரிடமிருந்து காத்தது.

அங்கே போனபிறகு அத்தாவுக்கு ஒரு நாள்கூட முதுகு வலித்ததாக நான் கேட்டதில்லை. விடிந்ததும் தொழுதுவிட்டு மாடுகளிடம் போய்விடுவார். இரண்டு காளைகளையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு எருமை இருந்தது. அது அவரைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது. வேர்க்கடலையைப் பிடுங்கி மண்ணை லேசாகத் தட்டிவிட்டு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். பெருநாளைக்குக் கடைக்குப் போனால் அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, “கையக் கழுவிட்டு வந்து துணியத் தொடு” என்பார். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராமல் வெளியே அவிழ்த்துவிட்ட வண்டிமாடுகளின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டிக்காரர்கள் அவரை மாட்டுத் தரகர் என்று நினைத்து விலை கேட்டிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

அம்மாவுக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. அவள் கடைத்தெருவில் பிறந்து கடைத்தெருவில் வாக்கப்பட்டவள். சோற்றில் மணல், டிரங்குப்பெட்டியில் துரு, கூப்பிடு தூரத்தில் பேச ஒரு ஆள் இல்லை. “உங்க அத்தாவக் கட்டிகினதுக்கு நான் அந்த எருமையா பொறந்திருந்தா நல்லா இருந்திருப்பேன்” என்பாள். ஏதாவது சாக்கு சொல்லி மாட்டுவண்டியில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வர மனசே வராது. அத்தா அதற்காக ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. தானே கூழ் காய்ச்சிக் கருவாடு சுட்டுத் தின்பார். எனக்குக் கல்யாணமாகி என் வீட்டுக்காரர் பினாங்குக்குப் போய்விட்டதால் நான் பெரும்பாலும் அத்தாவோடுதான் இருந்தேன்.

எங்கள் நிலத்துக்கு வடக்கே இருந்தவர் அத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நான் சாச்சா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். உப்பளம் வைத்திருந்தார், சென்னைக்கு விறகு அனுப்பினார், ஜமாத்தில் பெரிய ஆள். அவர் இன்னும் கொஞ்சம் பாத்தி கட்டி உப்பு எடுக்க ஆசைப்பட்டார். அதற்குக் கழித்தண்ணீர் எங்கள் கழனி ஓரமாக வந்தாக வேண்டும். அத்தாவிடம் கேட்டார். அத்தா முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து முடியாது என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மார்கழியில் கதிர் பால் பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மா தொழுகைக்குக் கோவளம் போயிருந்த நேரத்தில் கரையை வெட்டிவிட்டார்கள். நான் வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தா திரும்பி வந்து மேட்டில் ஏறி நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். பௌர்ணமிக்கு முந்தின நாள். கழி பொங்கிக்கொண்டிருந்தது. கழனி முழுக்கத் தண்ணீர் பளபளவென்று நின்றது, அதில் நெற்கதிர்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

சாச்சா வந்தார். அத்தாவின் தோளில் கை போட்டார்.

“நண்டு வளை அண்ணாத்த. நண்டு பூந்து பூந்து கரை உள்ளாற பொத்தலா ஆயிட்ச்சி. நான் அப்பவே சொன்னேன் இல்ல?”

அத்தா உடைப்பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி இறங்கிய தடம் ஈரத்தில் அப்படியே இருந்தது, வெண்ணெயில் கத்தி போனதுபோல.

“நண்டு இவ்ளோ சீரா வெட்டுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

கிராமத்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு நண்டுதான் என்றார். அத்தா உடைப்பை அடைத்தால் நாலு நாளில் மறுபடி உடைந்திருக்கும். மாசிக்குள் நெல் கருகி, கழனி காய்ந்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க அத்தா அந்த மண்ணோடு மல்லுக்கட்டினார். வடிகால் வெட்டினார். நல்ல தண்ணீரை இறைத்து விட்டுக் கலக்கி வெளியேற்றினார். மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகும் என்று கொளுஞ்சி விதைத்தார், அது முளைக்கவே இல்லை. உப்புச் சேற்றில் நின்று நின்று அவர் கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. சாப்பாடு பிடிக்கவில்லை. கண் மஞ்சளானது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. சாச்சா தன் புதுப் பாத்திகளுக்குக் கழித்தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வழி அவருடைய கிணற்றை ஒட்டித்தான் போனது. அதனால் அவர் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டது. எங்கள் கிணறு மேட்டின் மேல் இருந்ததால் தித்திப்பாகவே இருந்தது. அவருடைய ஆட்கள் காவடியில் குடம் கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். அத்தா விட்டார். அதற்கும் மேலே, மழைக்காலத்தில் சாச்சா தன் மணல் நிலம் முழுக்கத் தென்னங்கன்று நட்டார். எங்கள் தண்ணீரை நம்பித்தான் நட்டார். நான் அத்தாவிடம் சண்டை போட்டேன்.

“அவரு பண்ணதுக்கு கன்னு இன்னாம்மா பண்ணும்?” என்றார் அத்தா.

ஐப்பசியில் பெரியத்தா வந்து அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு எருமை பால் கறக்க விடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடவில்லை, ஆனாலும் விடுகிறது என்று சொன்னேன். கார்த்திகை பிறந்ததும் போய்விட்டார். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசல் மையவாடியில்தான் அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் சுவர், நடுவில் ஒரு புல்கூட இல்லாத இடம்.

சாச்சா வந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் பாத்திஹாவுக்குச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காயும் முன்னால் பெரியத்தாவிடம் பேச்செடுத்தார்.

“உப்புப் பூத்த நெலம். பொம்பளைங்க அத வச்சிகினு இன்னா பண்ணும்? நானே வாங்கிக்கறேன். சொந்தத்துக்குள்ளயே இருக்கட்டும்.”

பெரியத்தாவுக்குச் சம்மதம். உள்ளே அம்மா வெள்ளைச் சேலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வழக்கப்படி புருஷன் செத்த பெண் இத்தா இருக்க வேண்டும், நாலு மாசத்துக்குமேல் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது. அம்மா எழுந்து கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“மச்சான், இத்தா எங்க இருக்கணும்?” என்று பெரியத்தாவைக் கேட்டாள்.

“இத்தாவா? புருசன் வூட்ல.”

“என் புருசன் வூடு கடலோரம் கீது. வண்டி பூட்டச் சொல்லுங்க.”

அந்த இடத்தை வாழ்நாள் பூராவும் திட்டித்தீர்த்தவள், திரை கட்டிய வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழியில் நான், “நெசமாவே அங்க இருக்கப்போறியாம்மா?” என்றேன்.

“எனக்கா அங்க இருக்க ஆசை?” என்றாள். “அந்தாளு நாம இல்லாம அங்க நிம்மதியா ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூடாது.”

அம்மா உள்ளே, நான் வெளியே. போன மறுநாளே சாச்சாவின் ஆட்கள் காவடியோடு வந்தார்கள். அம்மா சொல்லிக்கொடுத்ததை நான் சொன்னேன்.

“குடிக்க எவ்ளோ வேணும்னாலும் குடிங்க. உங்க ஆடு மாட்டுக்குத் தொட்டி வச்சிருக்கேன், ஓட்டிகினு வாங்க. வூட்டுக்குக் குடிக்கறதுக்கு பொம்பளைங்க கொடம் எடுத்துகினு வரட்டும். கன்னுக்கு ஒரு சொட்டு கெடையாது.”

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு, வெறுங்குடங்களோடு போனார்கள். அதே நாள் நான் பக்கத்து மீனவர் குப்பத்துக்குப் போய், இனிமேல் எல்லோரும் எங்கள் கிணற்றிலேயே தண்ணீர் எடுக்கலாம், குளிக்கலாம், வலை அலசலாம், கீரைப்பாத்தி போட்டிருந்தால் அதற்கும் ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் அம்மா யோசனைதான். காலையும் மாலையும் கிணற்றடி திருவிழாபோல ஆனது. சாச்சாவின் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும்.

அவர் முதலில் தன் மனைவியை அனுப்பினார். நல்ல மனுஷி. அம்மாவும் அவளும் உள்ளே உட்கார்ந்து அத்தாவைப் பேசி அழுதார்கள், டீ குடித்தார்கள். கன்றுகளைப் பற்றி அவள் வாயைத் திறந்ததும் அம்மா, “உனக்கு ஒரு கொடம் இன்னா, பத்து கொடம் எடுத்துகினு போ. ஆனா வாசப்படி தாண்டி மண்ணுல ஊத்தினன்னு தெரிஞ்சா அதுவும் நின்னுடும்” என்றாள். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு குடத்தோடு போனாள்.

அடுத்தது ஹஜ்ரத். கோவளம் பள்ளிவாசலில் தொழவைக்கிற பெரியவர். சாச்சா போய், தண்ணீரைத் தடுப்பது பாவமில்லையா என்று முறையிட்டிருக்கிறார். ஹஜ்ரத் முற்றத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். அம்மா திரைக்குப் பின்னால்.

“தாகத்துக்குத் தண்ணி இல்லேன்னு சொல்லக்கூடாதும்மா. ஆண்டவன் கேப்பான்.”

“யாருக்கு ஹஜ்ரத் இல்லேன்னு சொன்னேன்? அவரு வூட்டு மாடு இப்பகூட தொட்டியில குடிச்சிகினு கீது, திரும்பிப் பாருங்க. அவரு வந்தாலும் நானே மொண்டு குடுக்கச் சொல்றேன். அவரு தாகமா கேக்கறாரு? தோப்பு கேக்கறாரு. அடுத்தவன் தோப்புக்கு எறைக்கலேன்னா பாவம்னு எங்கியாவது கீதா?”

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். மாட்டைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“நல்லா இனிக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியது. கன்றுகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. சாச்சா பீப்பாய் ஏற்றிய வண்டி வைத்துக் கோவளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரப் பார்த்தார். மணலில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். மாடு முட்டி போடும், தள்ளுகிற ஆட்கள் திட்டுவார்கள், பீப்பாயில் பாதி வழியிலேயே சிந்திவிடும். ஊற்றினதை மணல் நொடியில் உறிஞ்சிவிடும். சில வாரத்தில் வண்டிக்காரன் வருவதை நிறுத்தினான். நான் தினமும் சாயங்காலம் வேலி ஓரமாகப் போய் நின்று அந்தக் கன்றுகளைப் பார்ப்பேன். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கையால் தொட்டால் நொறுங்குகிற சருகு. எனக்குப் பாவமாக இருக்கவில்லை. கூலிக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோகிறபோது அத்தா கழனி வரப்பில் புண்காலோடு நிற்பதைப் பார்த்தவள் நான். ஒவ்வொரு கன்றும் காயக் காய எனக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

அம்மா இத்தா முடித்து வெளியே வந்தாள். கிணற்றடியில் நின்று அந்தப்பக்கம் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் பச்ச கீதே” என்றாள்.

சித்திரையில் சாச்சாவே வந்தார். மிச்சம் உயிரோடு இருந்தவை ஒரு வரிசையோ இரண்டு வரிசையோதான். குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிணற்றில் இருந்தார்கள். அவர் அவர்களைப் போகச் சொல்லுங்கள் என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். அம்மா அசையவில்லை.

“அண்ணி, நடந்தது நடந்துபோச்சி. மிச்சத்தையாவது காப்பாத்திக் குடுங்க.”

“இன்னா நடந்துச்சி?” என்றாள் அம்மா. “நண்டுதானே வெட்டிச்சி? நண்டாண்ட போய்க் கேளுங்க.”

ஒரு பெண் சிரித்தாள். அவர் முகம் கறுத்தது. ஆனால் அவரும் சாமானியமான ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்.

“அண்ணாத்த இருந்தா குடுத்திருப்பாரு அண்ணி.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அது உண்மை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கயிற்றைக் கையில் பிடித்தபடி கிணற்றுக்குள் பார்த்தாள். கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு நாள் அம்மா சொன்னதைத்தான் நான் பேசினேன். அன்றைக்கு நானாகப் பேசினேன்.

“அத்தா இருந்தா குடுத்திருப்பாரு. குடுத்துக் குடுத்துத்தான் அவரு இல்ல” என்றேன். “மொதல்ல அந்தக் கரையக் கட்டுங்க. ஆள வுட்டு இல்ல, நீங்களே. அப்பறம் தண்ணியப் பத்திப் பேசலாம்.”

“நான் யாருன்னு தெரிஞ்சிதான் பேசறியா?”

“அதனாலதான் ஆள வுடாம உங்களக் கட்டச் சொல்றேன்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கயிற்றைச் சுருட்டி உருளையில் மாட்டிவிட்டு, “பொண்ணு சொல்றதுதான்” என்று உள்ளே போய்விட்டாள்.

சாச்சா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை மண்வெட்டியோடு கரைக்குப் போனார். அவர் கட்டமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தென்னந்தோப்பு மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. வெள்ளை ஜிப்பாவைக் கழற்றி ஒரு கல்லில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கூடையில் மண்ணை அள்ளித் தலையில் வைக்கத் தெரியவில்லை. கண்ணிலும் வாயிலும் மண் விழுந்தது. குப்பத்து ஆண்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் கிணற்றடிக்கு வந்தார். அம்மா சொன்ன சொல் தவறவில்லை. சொம்பில் மொண்டு கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். குடித்தார். மறுபடி இறங்கினார்.

கரை கட்டி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அத்தாவின் காளைகளை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் போய் மிதித்துப் பார்த்துவிட்டு, “கெட்டியா கீது” என்றான். சாச்சா அன்று சாயங்காலமே காவடி ஆட்களோடு வந்து நின்றார். நான் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குள் கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மிச்சமிருந்த வரிசையும் அவர் கரையில் மண் சுமந்த நாட்களில் காய்ந்துபோயிருந்தது. அவர் ஆட்கள் இரண்டு நாள் சருகுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

கழித்தண்ணீர் நின்றதால் அவருடைய புதுப் பாத்திகளும் காய்ந்தன. ஜமாத்தில் அவர் பேச எழுந்தால் பின்வரிசையில் யாராவது ‘நண்டு’ என்று முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் சென்னைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுத் தாம்பரம் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி சொல்லிக்கொள்ள வந்தாள். அவர் வரவில்லை.

எங்கள் கழனி உடனே பிழைக்கவில்லை. இரண்டு மழைக்காலம் உப்பைக் கழுவியது. முதலில் கோரை வந்தது, அம்மா அந்தப் பச்சையைப் பார்த்து அப்படி ஒரு அழுகை அழுதாள். அதற்கடுத்த வருஷம் நெல் விதைத்தோம். அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசிவரை அவள் சோற்றில் மணலைப் பொறுக்கிக்கொண்டேதான் இருந்தாள். எருமையை விற்றுவிட்டாள். ஆனால் செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் பெரியத்தா மகள் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தோம். பந்தி நடந்துகொண்டிருந்தது. சாச்சாவும் வந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. முற்றத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

“நல்லா கீறியாம்மா?”

“நல்லா கீறோம். அத்தா கழனியில இந்த வருசம் வண்டி வண்டியா நெல்லு. வைக்க எடம் இல்லாம வாசல்ல கொட்டி வச்சிகினு கீறோம். மண்ணு அவ்ளோ நல்ல மண்ணு. எந்த நண்டும் இப்ப அந்தப் பக்கம் வரதில்ல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். பிரியாணிச் சட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. சாப்பிடாமலே போய்விட்டார் என்று பெரியம்மா பிறகு சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ் திருப்போரூரைத் தாண்டியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“வண்டி வண்டியா எங்கடி வெளைஞ்சிச்சி? நாம தின்னவே பத்தலியே.”

“அது அவருக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.